சாம்பலில் போட்ட துரியன் கொட்டை

எனக்குக் கைராசி இல்லை என்று தீர்ப்பானது ஒரு துரியன் பழத்தின் கொட்டைகளால். இதைச் சொன்னால் இன்றைக்கு எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து எழுதும்போதும் வரவில்லை. வயிறுதான் எரிகிறது.

நான் பிறந்தது கீழப்பாவூரில், வாக்கப்பட்டது தென்காசியில். ஐம்பதுகளில் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது. ஆனால் ஆனி, ஆடி மாதத்தில் அது இரண்டு தேசம். தென்காசியில் மலைக் காற்றும் சாரலுமாக உடுத்திய சேலை காயாது. அதே காற்று கீழப்பாவூருக்கு வந்து சேரும்போது சாரலையெல்லாம் வழியில் தொலைத்துவிட்டு வெறும் புழுதியோடு வரும். சாரலுக்கு விரித்த குடையோடு தென்காசியில் பஸ் ஏறினால், அதே குடையை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு கீழப்பாவூரில் இறங்கலாம்.

புகுந்த வீட்டில் வயல் உண்டு, பின்கட்டுக்கு அப்புறம் நல்ல தோட்டம் உண்டு. வீட்டுக்காரர் வயலைப் பார்த்துக்கொண்டார். வீட்டைப் பார்த்துக்கொண்டது என் மாமியார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்கிற ஆள் அந்த வீட்டில் கிடையாது. மாமனார் காலமாகியிருந்தார். இருந்திருந்தாலும் பேசியிருக்கமாட்டார் என்றுதான் கேள்வி.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். தோட்டத்து விதையெல்லாம் மருமகள் பொறுப்பு. காய் முற்றியதும் விதையை எடுத்து, அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கலந்து, கையில் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வருகிறவரை வெயிலில் காயவைத்து, ஓலைக்கொட்டானில் கட்டி அடுப்படிப் புகையில் தொங்கவிட வேண்டும். பிறகு நல்ல நாள் பார்த்து அவள் கையாலேயே ஊன்றவேண்டும். முளைத்தால் அவளுக்குக் கைராசி. முளைக்காவிட்டால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஏனென்றால் முளைக்காமல் போனதே இல்லையாம்.

நானும் செய்தேன். கத்தரி முளைத்தது, மிளகாய் முளைத்தது, பீர்க்கு முளைத்துக் கூரையேறியது. தண்டங்கீரை மெத்தை விரித்த மாதிரி வந்தது. ஒரு நாளாவது, "நல்லா வந்திருக்கு" என்று அத்தை சொன்னதுண்டா? "மொளைக்க வேண்டியது மொளைக்கி, இதுல என்ன அதிசயம்" என்பார். முளைத்த வரைக்கும் அது விதையின் குணம். முளைக்காதபோதுதான் அது என் கையின் குணமாயிற்று.

கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷமாகியும் எனக்குக் குழந்தை உண்டாகவில்லை. முதலில் ஜாடையாகப் பேசினார்கள், பிறகு நேராகவே பேசினார்கள். பக்கத்து வீட்டில் ஒரு அம்மாள் இருந்தாள். அவளுக்கு வரிசையாகப் பிள்ளைகள். எந்தப் பிள்ளைக்கு எப்போது சோறு போட்டாள் என்று அவளுக்கே நினைவிருக்காது. பாதி நாள் அதுகள் எங்கள் அடுப்படியில்தான் தட்டோடு நிற்கும். அவள் வந்து, "ஒண்ணாவது இருக்கணும்லா" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவாள். கையில் இருக்கிற அகப்பையால் ஒரு போடு போடலாமா என்று இருக்கும்.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை என்றார். "அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, அவரையும் பாத்திரலாம்" என்று சாதாரணமாகச் சொன்னார். அத்தை எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. என் மகனைப் பார்க்க இவள் யார் என்று வண்டி ஏறுகிற வரைக்கும் பேசினார். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரி இருக்கிற தெருப்பக்கமே நாங்கள் போகவில்லை. ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வந்தால் என்ன என்று வீட்டுக்காரரிடம் நானே ஒரு நாள் கேட்டேன். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவர் மாதிரி இருந்தார். அது அவருக்குப் பழக்கம்தான். அம்மா முன்னால் அந்தக் கொழுக்கட்டை பெரிதாகும், என் முன்னால் கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

துரியன் பழம் அதற்கப்புறம் வந்தது. பிள்ளை இல்லாதவர்கள் துரியன் தின்றால் பிள்ளை உண்டாகும் என்று குற்றாலத்தில் ஒரு நம்பிக்கை. இன்றைக்கும் சீசன் நேரத்தில் அதற்காகவே எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் குதிரை வண்டி வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் போனோம். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு பழக்கடைக்கு வந்தோம். கடையில் மங்குஸ்தான் குவித்திருந்தார்கள். துரியன் முள்ளும் தானுமாக ஒரு மூலையில் இருந்தது. அதைப் பிளந்ததும் வந்த நாற்றத்தில் வீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குதிரைப் பக்கமாகப் போய் நின்றார். குதிரை வாடை தேவலை என்று நினைத்திருப்பார், மகராசன். நான் தின்றேன். எல்லாச் சுளையையும் தின்றேன். பிள்ளை வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லையா? அத்தைக்கு வேண்டியதைவிட எனக்குத்தான் அதிகமாக வேண்டியிருந்தது. அதை யார் கேட்டார்கள்?

சுளைக்குள் இருந்த கொட்டைகளை அத்தை ஒன்றுவிடாமல் வாங்கி முந்தியில் முடிந்துகொண்டார். கிட்டத்தட்ட பலாக்கொட்டை மாதிரி, அதைவிடக் கனம், வழவழவென்று ஈரம். வீட்டுக்கு வந்ததும் பின்கட்டில் வாழையடியில், மூட்டுப் பக்கம் உட்கார்ந்து, ஒட்டியிருந்த சதையைக் கழுவிவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

"இங்கன பாருட்டி. இது ஒன் கையால மொளைக்கணும். மொளைச்சா நம்ம வம்சமும் மொளைக்கும். மொளைக்கலன்னா அப்பொறம் பாத்துக்கிடுவோம்."

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆலங்குளத்தில் அத்தையின் தம்பி மகள் ஒருத்தி சடங்காகி வீட்டில் இருந்தாள்.

கொட்டையைக் கையில் வாங்கியபோது எனக்கு ஒன்று தோன்றியது. கேட்டேன். "அத்தை, இவ்வளவு ஈரமா இருக்கே, இப்பமே ஊனிட்டா என்ன?"

"நாளைக்கு ஆடி பொறக்கப் போவுது. கீரை வெதைக்கத்தான் ஆடி, வம்சத்துக்காக ஊனுததுக்கு ஆவாது. இன்னைக்கு நாளும் நல்லால்ல. ஆவணி மொத முகூர்த்தத்துல ஊனுவோம். அதுவரைக்கும் சாம்பல்ல போட்டுக் காயவையி. வெதைன்னா காயணும். காயாத வெதை அழுகத்தான் செய்யும்."

அத்தை முட்டாள் இல்லை. அவர் பிறந்தது ஆலங்குளம் பக்கம், மானாவாரிக் காடு. அங்கே அந்தச் சட்டம் ஒருநாளும் பொய்த்ததில்லை. பருத்தியானாலும் சரி, உளுந்தானாலும் சரி, கீரையானாலும் சரி, காயவைத்தால்தான் விதை. அந்தக் காய்ந்த ஊர்ச் சட்டத்தைக் கொண்டுவந்து ஈரமலைக் கொட்டையின் தலையில் வைத்தார். அது அவர் தெரியாமல் செய்த காரியம், அதற்காக நான் அவர் மேல் கோபப்படவில்லை. கோபம் அதற்கு அடுத்து நடந்ததற்கு.

ஆடி மாதம் முழுவதும் அந்தக் கொட்டைகளை நான் பிள்ளையைப் போலப் பார்த்தேன். சாரல் விட்ட நேரமெல்லாம் முறத்தில் பரப்பி வெயிலில் வைப்பேன். தூறல் விழுந்தால் கையில் மாவோடு ஓடிவந்து எடுப்பேன். சாம்பல் ஈரம் பட்டால் புதுச் சாம்பல் மாற்றுவேன். நாளாக ஆகக் கொட்டை சுருங்கியது. சத்தம் கலகலவென்று வந்தது. அத்தை குலுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன். உயிர் போன சத்தம் அது என்று எனக்கும் தெரியவில்லை.

ஆவணியில் நல்ல நாளன்று தலைக்குக் குளித்து, சாப்பிடாமல், பாத்தி கட்டி ஊன்றினேன். தினமும் காலையில் பாத்தியைப் பார்க்க எழுந்து போனால், எனக்கு முன்னால் அத்தை அங்கே நிற்பார். மண்ணைப் பார்ப்பார், பிறகு என் வயிற்றைப் பார்ப்பார். அந்தப் பார்வையைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. கெட்ட வார்த்தைதான் இருக்கிறது. கடைசியில் ஒரு நாள் அவரே குச்சியால் தோண்டினார். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். எல்லாம் உள்ளே கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது.

அன்று மத்தியானம் வாழையிலை அறுக்கப் பின்கட்டுக்குப் போனேன். வாழை மூட்டில், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எந்நேரமும் ஓடி ஈரமாகவே கிடக்கிற இடத்தில், சருகுக்குள்ளிருந்து ஒரு செடி நின்றது. வாழைக்கன்று இல்லை. நான் பார்த்த எந்தச் செடியும் இல்லை. நேராகக் குச்சி மாதிரித் தண்டு, நுனியில் கூரான இலைகள். இலைக்குக் கீழே ஒரு கொட்டையின் பழுப்புத் தோடு தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தோட்டை எனக்கு அடையாளம் தெரியாதா? ஒரு மாதம் அதைத்தானே கட்டிக்கொண்டு மாரடித்தேன். அத்தை கழுவின அன்றைக்கு ஒரு கொட்டை கைதவறிச் சருகுக்குள் விழுந்திருக்கிறது. யாரும் காயவைக்காமல், சாம்பலில் போடாமல், நாள் பார்க்காமல், விழுந்த இடத்தில் முளைத்துவிட்டது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் அருவாளைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். அத்தையையும் வீட்டுக்காரரையும் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். "பாருங்க அத்தை, அதே கொட்டை. காயாமக் கெடந்தது மொளைச்சிருக்கு. காஞ்சதுதான் செத்துப் போச்சு. என் கையில ஒண்ணுமில்ல." மூச்சுவிடாமல் சொன்னேன். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

அத்தை செடியைக் குனிந்து பார்த்தார். தோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்.

"ஒன் கை பட்டது ஒண்ணுகூட மொளைக்கல. ஒன் கை படாதது மட்டும் மொளைச்சிருக்கு. இதுக்கு மேல வெளக்கம் வேணுமாட்டி?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கண்ணெதிரே செடி நிற்கிறது. கொட்டையைக் காயவைக்கச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும். ஆடி மாதம் முழுக்க நான் முறத்தோடு ஓடியதை அவர் பார்த்திருக்கிறார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா சொல்லுததுலயும் ஒரு ஞாயம் இருக்குல்லா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை. அத்தை பேசினதாவது அவருக்குத் தெரிந்த கணக்கில் பேசினது. இவருக்கு எல்லாம் தெரியும். டாக்டரம்மா சொன்னது தெரியும். தெரிந்தும் ஒரு செத்த கொட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ஆம்பளைக்கு ஒளிய இடமா இல்லை?

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிக் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது அப்படித்தான், கோர்ட்டு கச்சேரி கிடையாது. அப்பா "எம் மகளை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னார். கிளம்புகிற அன்று அந்தச் செடியையாவது வேரோடு பெயர்த்துக்கொண்டு போகிறேன் என்று கேட்டேன். அத்தை மறித்துக்கொண்டு நின்றார். "அது என் கையில இருந்து நழுவி விழுந்தது. என் கைராசியில மொளைச்சது. அது இந்த வீட்டுலதான் நிக்கும்" என்றார். கேட்டீர்களா கதையை! முளைக்காத கொட்டைக்கு என் கை காரணம். முளைத்த கொட்டைக்கு அவர் கை காரணம். கொட்டைக்கென்று ஒரு குணம் இருக்கக்கூடும் என்று அந்த வீட்டில் ஒரு சீவனுக்கும் தோன்றவில்லை.

கீழப்பாவூருக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு எழுந்தேன். எட்டாம் வகுப்புத் தேறியிருந்ததால் ஆசிரியப் பயிற்சியில் இடம் கிடைத்தது. பயிற்சி முடித்து, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். அந்த ஊர்ப்பக்கமே வரமாட்டேன் என்றுதான் இருந்தேன். அங்கே போட்டார்கள், போனேன். நான் ஏன் ஒளியவேண்டும்?

அந்தக் கொட்டை மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எந்தச் செடி எப்படி விதை போடுகிறது என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. கீழப்பாவூரில் எங்கள் காட்டில் குப்பைமேனி, தும்பை, முள்ளுக்கீரை. ஒரு முள்ளுக்கீரைக் கதிரை உள்ளங்கையில் உருவினால் கறுப்புப் பொடியாக விதை கொட்டும்; எண்ணப்போனால் கண் கெட்டுப்போகும். அத்தனையும் முளைக்காது. எறும்பு கொண்டுபோகும், கோழி கொத்தும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். மிஞ்சினது புழுதியோடு புழுதியாகக் கிடக்கும். அப்பா கிணறு வெட்ட ஒரு பழைய களத்தைத் தோண்டினார். பல வருஷம் கெட்டித்துக் கிடந்த மண். அடுத்த மழைக்கு அந்த மண்மேட்டில் பச்சைப் பசேலென்று கீரை. யாரும் விதைக்கவில்லை. எந்தக் காலத்து விதையோ, மழைக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. மழை வருமா வராதா என்று தெரியாத ஊரில் விதைக்குக் காத்திருக்கத் தெரியவேண்டும். காத்திருக்க வேண்டுமானால் காய்ந்திருக்க வேண்டும். எது தப்பும் என்று தெரியாததால் ஏராளமாகவும் இருக்கவேண்டும்.

குற்றாலத்தில் மரத்தடிக்குப் போய்ப் பார்த்தால் கதை வேறு. மேலே இலை மூடி இருட்டு, கீழே முழங்கால் புதைகிற சருகு. முள்ளுக்கீரை விதை அங்கே விழுந்தால் அந்தச் சருகைத் தாண்டி வேர் மண்ணைத் தொடுமுன் அதன் உயிர் முடிந்துவிடும். அங்கே முளைக்கிறவன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வரவேண்டும். பலாக்கொட்டையும் மாங்கொட்டையும் துரியன் கொட்டையும் அப்படி ஆத்தாக்காரி கட்டிக்கொடுத்த சோற்றோடு வருகிற பிள்ளைகள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு எட்டுகிறவரை அந்தச் சோறுதான். மழைக்குக் காத்திருக்க அவசியமில்லை, மழை அங்கேயே இருக்கிறது. அதனால் அவை தூங்குவதில்லை. மரத்திலிருந்து விழும்போதே பாதி விழித்துக்கொண்டுதான் விழுகின்றன. விழித்த பிள்ளையைச் சாம்பலில் போட்டு வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? ஆனதைத்தான் சொன்னேனே.

மரமானாலும் செடியானாலும் அதனிடம் இருப்பது ஒரு பானைச் சோறுதான். அதைக் கவளம் கவளமாக நிறையப் பேருக்குக் கொடுக்கலாம், வயிறு நிறையக் கொஞ்சம் பேருக்கும் கொடுக்கலாம். இரண்டும் முடியாது. எந்த ஊரில் எது செல்லும் என்பதுதான் கேள்வி. இதில் உயர்த்தியும் இல்லை, தாழ்த்தியும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வைத்து ஒன்று செய்து பார்த்தேன். ஒரே கதிரின் கீரை விதையைக் குழாயடி ஓரம் ஒரு பாத்தியிலும், தண்ணீர் எட்டாத வேலியோரம் ஒரு பாத்தியிலும் போட்டோம். குழாயடிச் செடி பிள்ளைகள் இடுப்புக்கு வளர்ந்தது. வேலியோரத்துச் செடி ஒரு சாண் வளர்ந்து, ஏதோ பேருக்கு ஒரு கதிர் விட்டது. அதை உதிர்த்தால் ஒரு சிட்டிகைதான் விதை. அந்தச் சிட்டிகையையும் குழாயடிச் செடியின் விதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எது எந்தச் செடியின் விதை என்று பிள்ளைகளால் பிரிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. கஷ்டத்தில் அந்தச் செடி விதையின் எண்ணிக்கையைத்தான் குறைத்திருக்கிறது. பெற்றதைப் பட்டினி போடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பக்கத்து வீட்டு அம்மாளின் பிள்ளைகள் தட்டோடு நின்றது ஞாபகம் வந்தது. ஒரு சாண் கீரைச் செடியைப் பார்த்து நீ ஏன் கொஞ்சமாகப் பெற்றாய் என்று யாரும் கேட்பதில்லை. துரியன் மரத்தைப் பார்த்து முள்ளுக்கீரை எவ்வளவு போட்டிருக்கிறது பார் என்று யாரும் ஏசுவதில்லை. பொம்பளையிடம் மட்டும்தான் இந்த எண்ணிக்கைக் கணக்கு.

அறுபதுகளில், டீச்சர் வேலையில் நான் ஊன்றிப்போன பிறகு, ஒரு சனிக்கிழமை அருவியில் குளித்துவிட்டுப் பழக்கடைப் பக்கமாக வந்தேன். ஆனிக் கடைசி, நல்ல கூட்டம். துரியன் வாடை வந்ததும் வழக்கம்போல் திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண் தனியாக நின்று கண்ணை மூடிக்கொண்டு சுளையைத் தின்றுகொண்டிருந்தாள். ஆலங்குளத்துப் பெண். எனக்குப் பதிலாக அந்த வீட்டுக்கு வந்தவள். அவள் கல்யாணத்துக்கு முன் விசேஷ வீடுகளில் பார்த்த முகம்தான். இப்போது கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கொஞ்சம் தள்ளிக் குதிரை வண்டியில் அத்தை உட்கார்ந்திருந்தார். சாரலுக்குச் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டிருந்ததால் அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டி அருகே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அவளுக்கும் குழந்தை இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனாலும் அந்தச் சுளையும் அந்தத் துண்டும் அந்த வண்டியும் அப்படியே திரும்பவும் நிற்பதைப் பார்த்தபோது என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுகூடவா மாறவில்லை! அப்படியே போய்விடலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். போக முடியவில்லை. அவள் பக்கத்தில் போய் மங்குஸ்தான் பொறுக்குகிற மாதிரி நின்றேன்.

அவள் என்னை அடையாளம் கண்டு பதறினாள். "அக்கா..."

"சத்தம் போடாதே. கொட்டை மொளைக்கணும்னு சொன்னாவளா?"

"ஆமாக்கா."

"சாம்பல்ல போட்டு ஆவணி வரைக்கும் காயவைக்கச் சொன்னாவளா?"

அவள் கண் கலங்கிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் சொல்லுதத நல்லாக் கேளு. வீட்டுக்குப் போன ஒடனே, இன்னைக்கே, வாழை மூட்டு ஈரத்துல எல்லாத்தையும் ஊனிரு. மேல சருகை அள்ளிப் போடு. ஒண்ணைக்கூடக் காயவைக்காத."

"அத்தை திட்டுவாவளே அக்கா. ஆடி பொறக்கப் போவுதும்பாவ."

"இன்னைக்கு ஆனிதான? ஆனியிலயே போட்டுட்டேன்னு சொல்லு. திட்டட்டும். திட்டு வாங்குனா நீ செத்துப்போவ மாட்ட. காஞ்சா கொட்டை செத்துப்போவும். அப்பொறம் ஒன்னையும் எங்கூட கொண்டாந்து விட்டுருவாவ."

படுதாவுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏட்டி, அங்கன என்ன செய்யுத?" அவள் கொட்டைகளை முந்தியில் அள்ளிக்கொண்டு ஓடினாள். நல்ல எண்ணத்தில் சொன்னேனா, வஞ்சத்தில் சொன்னேனா என்று கேட்டால், இரண்டும்தான். அந்தப் பெண்ணைக் காப்பாற்றவும் நினைத்தேன். அந்தக் கைராசிக் கணக்கை அந்த வீட்டு வாசலிலேயே போட்டு உடைக்கவும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நெடுநாள் ஒரு தகவலும் இல்லை. அடுத்த வருஷம் சாரல் தொடங்குகிற சமயத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பள்ளிக்கூட வேலியோரம் வந்து நின்றாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லை. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"இல்லக்கா. ஆனா கொட்டை எல்லாம் மொளைச்சிட்டு. ஒண்ணு விடாம. கொட்டையத் தலையில தூக்கிக்கிட்டு வரிசையா நின்னுச்சு."

"அத்தை என்ன சொன்னாவ?"

"மொதல்ல நல்லாத் திட்டுனாவ, ஏன் கேக்காம ஊனினன்னு. மொளைச்ச பொறவு தெரு பூராவும் கூட்டிட்டு வந்து காட்டுனாவ, எம் மருமக கைராசிக்காரின்னு. மாசம் போச்சு, ரெண்டு மாசம் போச்சு, தையும் வந்துட்டு. என்னை ஒரு சொல்லு சொல்ல முடியல அத்தையால. தெருவுக்கே காட்டிட்டாவல்லா. ஒரு நாள் காலையில செடி எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நின்னாவ. அப்பொறம் அப்பிடியே திரும்பி, திண்டுல சாஞ்சி கெடந்த அவிய மவனப் பாத்தாவக்கா. நான் அந்த வீட்டுக்குப் போன நாள்ல இருந்து அத்தை அவியள அப்பிடிப் பாத்து நான் பாத்ததில்ல. 'ஏலே, நீ ஒரு தடவை அந்த டாக்டரம்மாட்ட போயிட்டு வா'ன்னாவ."

"போனாரா?"

"போனாவ. வந்து சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டாவ. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னைக்கு இருந்து என்னைய யாரும் ஒண்ணும் சொல்லுததில்லக்கா."

எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். அந்தப் பெண் தப்பித்துக்கொண்டாள் என்பதில் குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நிமிஷமே கோபம் மேலே வந்துவிட்டது. அந்த டாக்டரம்மா அன்றைக்கே சொன்ன வார்த்தை. ஒரு நாள் வேலை. அதைக் கேட்க இரண்டு பெண்கள் துரியன் தின்னவேண்டியிருந்தது, ஒரு பெண் வீட்டைவிட்டுப் போகவேண்டியிருந்தது, ஒரு பாத்தி நிறையக் கொட்டை முளைத்துக் காட்டவேண்டியிருந்தது. மனுஷி சொன்னால் ஏறாதது கொட்டை சொன்னால் ஏறியிருக்கிறது.

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "என்னைப் பத்தி ஏதும் பேச்சு வந்துச்சா?"

அவள் வேலிக் கம்பியை நகத்தால் சுரண்டினாள். "வந்துச்சுக்கா. 'மூத்தவளுக்குக் கைராசி இல்லன்னா இல்லதான், அவ கையில ஒரு கொட்டையும் மொளைக்கலையே'ன்னாவ."

"அந்தக் கொட்டையச் சாம்பல்ல போடச் சொன்னது யாருன்னு நீ கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

"என்ன சொன்னாவ?"

"காப்பி ஆறிப்போவுதுன்னு சொல்லி எந்திச்சி உள்ள போயிட்டாவ."